சுவரில் தொங்கும் அமானிதம்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரின் வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகனுக்குக் கணனியில் நல்ல கைப்பழக்கம் உண்டு. புகைப்படங்களைக் கென்வஸ் துணியில் அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்து அடித்து விற்கலாம் என்று அவன் சொல்கிறானாம். அச்சுப்பொறி வாங்குவதற்குத் தமது காப்புச் சோடியை விற்க யோசிக்கிறார். அவர் கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. இது ஹலாலான உழைப்பா? இதில் பிழைக்க முடியுமா? காப்பை விற்கலாமா?

ஒரே கடிதத்தில் மூன்றையும் கேட்டது நல்லதாகப் போயிற்று. தொழிலின் ஹலாலையும் அதன் கணக்கையும் தனித்தனியே பார்ப்பதால்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். மார்க்கச் சட்டம் நான் ஓதிக்கொடுக்கும் பாடம். துணி, மை, சட்டம் பற்றியவற்றை இத்தொழிலில் கைதேர்ந்தவர்களிடம் கேட்டறிந்து எழுதுகிறேன்.

எதை அச்சிடுவது?

ஸஹீஹுல் புகாரியில், கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடத்திலேயே ஒரு செய்தி பதிவாகியுள்ளது. கையால் உருவங்கள் அமைத்துப் பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து தமது தொழிலைப் பற்றிக் கேட்டார். உருவம் அமைப்போருக்குள்ள எச்சரிக்கையைக் கேட்டதும் அவருடைய முகம் வெளிறிப்போயிற்று. அப்போது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், இத்தொழிலை விடவே முடியாதென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் அமைத்துக்கொள்ளும்படி வழிகாட்டினார்கள். வயிற்றுப் பிழைப்புக்காகக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி துணியோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்து அகற்றினார்கள். பின்னர் அந்தச் சீலை வெட்டப்பட்டுத் தலையணையாயிற்று. சுவரில் உயர்த்தி மாட்டுவதற்கும் காலடியிலோ கையடியிலோ கிடப்பதற்கும் சட்ட அறிஞர்கள் வேறுபாடு கண்டது இதிலிருந்துதான்.

புகைப்படம் பிற்காலத்தில் வந்த விடயம். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், அது ஏற்கெனவே உள்ள நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். சஊதியின் முன்னாள் முஃப்தி ஷைக் இப்னு பாஸ் அவர்களோ உயிருள்ளவற்றின் புகைப்படத்தையும், தேவை ஏற்பட்டாலன்றி, கூடாதென்றார்கள். அனுமதித்தவர்களிலும் பலர், மகத்துவப்படுத்தும் விதமாகப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவதை விரும்பவில்லை. கென்வஸ் படம் சுவரில் மாட்டவே செய்யப்படுவது. ஆகவே இந்தச் சகோதரிக்கு நான் சொல்வது, அபிப்பிராய பேதத்துக்குள் காலை விடாமல் தாராளமாகச் செய்யக்கூடிய பக்கம் மிக விசாலமானது என்பதே. மலைநாட்டின் தேயிலைத் தோட்டம், அறுகம்பேயின் அலை, காலிக் கோட்டையின் வெளிச்சவீடு, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட கொழும்புச் சிவப்புப் பள்ளி, பேருவளைக் கெச்சிமலைப் பள்ளி, உங்கள் ஊர் வயலின் அந்திப்பொழுது என்று அது விரிந்துகொண்டே போகும். மகன் தானே எடுத்த படமாயின் அதன் உரிமையும் அவனுடையதே.

ஈரத் தானியமும் மையும்

இனித் தொழிலுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் யாவரும் அறிந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவோரை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கென்வஸ் தொழிலில் இந்த ஈரத்தின் பெயர் மை.

மை இரண்டு வகை. ஒன்று சாய மை. சீனி நீரில் கரைவதுபோல் நிறம் அதில் கரைந்திருக்கும். மற்றது நிறமி மை. நிறம் மிக நுண்ணிய துகள்களாக அதில் மிதந்துகொண்டிருக்கும். வீடுகளிலும் கடைகளிலும் காணும் மலிவான தாங்கி வைத்த அச்சுப்பொறிகள் பலவற்றில் கறுப்பு நிறமி மையாக இருந்தாலும் ஏனைய நிறங்கள் சாய மைதான். அச்சிட்ட அன்று இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில வேளை சாய மைதான் கூடுதலாகப் பளபளக்கும். ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டுச் சாய மை விரைவில் வெளுக்கும், ஈரம் பட்டால் கசியும். நல்ல நிறமி மையோ நிழலான சுவரில் பல தசாப்தங்கள் நிற்கக்கூடியது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1991இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாடகரும் புகைப்படக் கலைஞருமான கிரஹம் நாஷ் என்பவர் 126,000 டொலர் பெறுமதியான மையச்சுப் பொறியைக் கொண்டு கலைப்படங்கள் அச்சிடும் கூடம் ஒன்றை ஆரம்பித்தார். அக்காலத்து மைகளும் வெளிச்சத்தில் மங்கக்கூடியவையாகவே இருந்தன. பிற்பாடு நிறமி மை அச்சுப்பொறிகள் வந்தபிறகுதான் மேசையில் வைக்கும் பொறியிலும் நிலைத்து நிற்கும் படம் சாத்தியமாயிற்று.

ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எல்லா நிறங்களும் நிறமி மையா என்பது. இரண்டாவது, கென்வஸின் தடிப்பை இந்தப் பொறி இழுக்குமா என்பது. மெல்லிய கடதாசிக்கென்றே செய்த பொறியில் துணி சிக்கிக்கொள்ளும். வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு துண்டை அச்சிட்டு, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவையுங்கள். மட்டையை எடுத்துப் பார்த்தால் உங்கள் பண்டத்தின் உண்மை நிறம் தெரிந்துவிடும்.

சாய மையில் அச்சிட்டு விற்பது ஹராமா என்று கேட்பீர்கள். இது குறைந்த காலம் நிற்பது, வெயிலில் மாட்டாதீர்கள் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் தடையில்லை. ஆயுளுக்கும் மங்காது என்று சொல்லி விற்றால் அது நனைந்த தானியம். ஒளித்துவைத்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக்கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்கியிருக்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டில் அச்சடித்துவிட்டால், அறிந்துகொண்டே மறைத்த குறை ஹலாலாகிவிடாது.

அளவும் தெளிவும்

படத்தின் முகப்பு அளவை மட்டும் பார்த்துப் பொறி வாங்குவோர் உண்டு. கென்வஸ் சட்டத்தின் பக்கத்தையும் மூடிப் பின்னால் மடிய வேண்டும். ஒன்றரை அங்குலக் கனமுள்ள சட்டமென்றால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலமும், பின்மடிப்புக்கு ஒரு அங்குலமும் தேவை. இரு பக்கமும் சேர்த்து 5 அங்குலம். 13 அங்குல அகலப் பொறியில் 8 அங்குலப் படம்கூட மூச்சுமுட்டும். முக்கால் அங்குலச் சட்டமானால் 8க்கு 12 அங்குலப் படம் சுகமாகச் செய்யலாம். 24 அங்குலப் பொறியில் கனத்த சட்டத்துக்கு 16க்கு 24, 18க்கு 24 போன்றவை அடங்கும்.

அடுத்தது படத்தின் தெளிவு. கென்வஸ் நெய்தல் உள்ள துணியாதலாலும் எட்ட நின்று பார்ப்பதாலும் ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் போதும். 16க்கு 24 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3600 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 86 இலட்சம் புள்ளிகள். கைத்தொலைபேசிக் கமராவில் இது தாராளமாக உண்டு. ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியில் சுருக்கப்படுகிறது. நீளப்பக்கம் 1600 புள்ளியாகச் சுருங்கி வந்த படத்தை 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 67 புள்ளிகூட இல்லை. முகமெல்லாம் மெழுகாகிவிடும். மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், இந்தப் படம் இந்த அளவுக்கு மேல் வராது என்று ஓடரை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கணனித் திரை தானே ஒளிர்வது, துணி ஒளிராது. திரையில் கண்ட வெளிச்சம் துணியில் வராது. ஆகவே முழுப் படத்தையும் அடிக்கும் முன் கையகலத் துண்டொன்றை அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மின்குமிழின் கீழும் பாருங்கள்.

துணி, பூச்சு, சட்டம்

தையற்கடைக் கென்வஸில் அச்சிட்டால் மை ஊறிப் பரவும். மையை ஏந்தும் பூச்சு ஒரு பக்கத்தில் பூசப்பட்ட துணியே தேவை. அது பருத்தியாகவோ பொலியெஸ்டராகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கலாம். சுருளாகவும் வெட்டிய தாளாகவும் கிடைக்கிறது.

அச்சிட்ட படத்தை ஒரு நாள் முழுதும் தூசுபடாமல் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூட. பின்பு நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக இரு தடவை பூச வேண்டும். முதற்பூச்சு நன்றாகக் காயாமல் இரண்டாவது கூடாது. இந்தப் பூச்சில்லாமல் இழுத்தால் மூலை மடிப்புகளில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். ஈரத்துணியால் வீட்டுக்காரர் துடைத்த அன்றே படமும் போய்விடும். விசிறியடிக்கும் வார்னிஷாயின் யன்னல்களைத் திறந்துவைத்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

சட்டத்தை ஊர் ஓடாவியிடம் செய்விக்கலாம். நன்கு காய்ந்த, உளுக்காத பலகையாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தது ஒரு மழைக்காலத்துக்குள் முறுக்கிக்கொள்ளும். முன்விளிம்பு உட்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் உள்விளிம்பின் கோடு துணியில் பதிந்து தெரியும். இரு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக இருந்தால் மட்டும் எடுங்கள். துணியை அடிக்கும்போது நான்கு பக்கத்து நடுவிலும் முதலில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கிப் போக வேண்டும். கரையோர ஊர்களில் உப்புக் காற்றுக்குச் சாதாரண ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் துணியைக் கறைப்படுத்தும், துருப்பிடிக்காத உருக்கை வாங்குங்கள்.

ஆயத்துகளை அச்சிடுவோருக்கு

நமது வீடுகளில் ஆயத்துல் குர்ஸியும் அல்லாஹ்வின் திருநாமங்களும் பொறித்த படங்களுக்குக் கேள்வி அதிகம். இதில் மூன்று விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் மடிக்கும்போது எழுத்துகளும் மடிந்து, அவற்றின் மீதே ஸ்டேப்பிள் ஏறுகிறது. அல்லாஹ்வின் கலாமை ஆணியடித்துப் பின்பக்கத்தில் மறைப்பது அதபுக்கு ஏற்றதல்ல. எழுத்துகள் முழுவதும் முகப்புக்குள் அடங்க, விளிம்பை வெறும் நிறமாக விடுங்கள்.

இரண்டு, இக்காலத்தில் தெளிவற்ற படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்குகிறார்கள். அந்தக் கருவிக்கு அரபு தெரியாது. இல்லாத விபரத்தைத் தானே கற்பனை செய்து நிரப்பும். ஒரு புள்ளி கூடினால் ‘பா’ ‘யா’வாகிவிடும், புள்ளி இடம்மாறினால் ‘நூன்’ ஆகிவிடும், பொருளே புரண்டுவிடும். ஆகவே குர்ஆன் வசனத்தை இவ்விதம் பெரிதாக்கவே வேண்டாம். எவ்வாறு பெற்ற பிரதியானாலும் அச்சிடும் முன் ஒரு ஹாபிழிடம் காட்டி எழுத்தெழுத்தாகப் பார்ப்பியுங்கள்.

மூன்று, பிழையாக அச்சான துண்டுகள் குப்பைக் கூடைக்குப் போகக் கூடாது. பத்திரமாகச் சேர்த்து எரித்துவிடலாம். உஸ்மான் (ரழி) அவர்களுடைய காலத்துச் செயல் அதற்கு முன்மாதிரியாக உள்ளது.

பிறர் உரிமை

இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்தல்ல. மக்கா, மதீனாப் படமானாலும் அதை எடுத்தவருக்கு உரிமை உண்டு. குர்ஆன் வசனம் எவருடைய சொத்துமல்ல, ஆனால் அதை அழகெழுத்தில் வரைந்த கலைஞரின் வரைவு அவருடையது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பொருளுரிமையைப் பாதுகாக்கிறது. அனுமதி கேளுங்கள், அல்லது விலைக்கு உரிமை பெறுங்கள். திருடிய மரத்தில் செய்த கட்டிலில் யாரும் நிம்மதியாக உறங்குவதில்லை.

இதைவிடக் கவனமாகக் காக்க வேண்டியது வாடிக்கையாளரின் குடும்பப் படம். ஸ்டூடியோக்காரர் ஒரு காலத்தில் நெகடிவைப் பூட்டி வைத்தார். இன்று மகனின் கணனியிலும் தொலைபேசியிலும் பிறர் வீட்டுப் பெண்களின் படங்கள் வந்து குவியும். இதனால்தான் ஆரம்பத்திலேயே, குடும்பப் படங்களுக்கான ஓடரை எடுக்காமலிருப்பதே பேணுதல் என்று நினைத்தேன். எடுப்பவர்களுக்குச் சொல்வது இது. தனிக் கோவையில் வையுங்கள், கூட்டாளிகளுக்குக் காட்டாதீர்கள், விளம்பரத்துக்கு மாதிரியாகப் போடாதீர்கள், பொருளைக் கையளித்ததும் அழித்துவிடுங்கள். படம் சுவரில் தொங்குவதற்கு முன்பும் அது அமானிதமே.

விலையும் காப்பும்

விலை சொல்லும் முறையை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். தொகைகள் கணக்குக்காக மட்டும் எடுத்தவை, உண்மை விலையை உங்களூர்க் கடையில் கேளுங்கள். ஒரு படத்துக்குத் துணி 600 ரூபா, மை 400, சட்டம் 700, வார்னிஷும் ஸ்டேப்பிளும் 200, பொதி 100. மொத்தம் 2000. பத்தில் ஒன்று பழுதாகும் என்று வைத்தால், பத்தின் செலவு 20,000ஐ விற்கக்கூடிய ஒன்பதே சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 2222. பொறியின் விலை 180,000 ஆக இருந்து 600 படங்கள் உழைக்குமென்றால் தேய்மானம் 300. இரண்டு மணித்தியால உழைப்புக்கு 800. ஆக 3322 ரூபா. இதை அறியாமல், துணிக்கும் மைக்கும் ஆயிரம்தானே என்று 2500க்கு விற்பவர் தனது பொறியையும் உழைப்பையும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறார்.

மையும் துணியும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதே மார்ச்சின் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரமும் இல்லை. சொன்ன விலைக்கே மாதக்கணக்கில் ஓடர் ஏற்றவர்கள் அப்போது பட்ட பாடு நமக்குப் பாடம். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். நிறமி மைப் பொறியைச் சும்மா வைத்தாலும் மை காய்ந்து துவாரங்கள் அடைபடும். கிழமைக்கு ஒரு தடவையாவது ஒரு சோதனைத் தாள் ஓட வேண்டும்.

ஓடரின் பேரில் செய்து கொடுப்பதை ஹனபி மத்ஹபினர் ‘இஸ்திஸ்னாஃ’ என்று அனுமதிப்பர். நமது ஷாபிஈ மத்ஹபில் அது ‘ஸலம்’ நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். முழு விலையும் பேசிய இடத்திலேயே கையளிக்கப்பட வேண்டும், அளவு, தரம், கையளிக்கும் நாள் யாவும் தெளிவாக இருக்க வேண்டும். எழுதிவைத்தால் சண்டையும் வராது. வருட முடிவில் விற்பனைக்குள்ள படங்கள், துணி, சட்டம், மை ஆகியவற்றின் பெறுமதி ஏனைய வியாபாரப் பணத்தோடு நிஸாபை அடைந்தால் நூற்றுக்கு இரண்டரை ஸகாத்துண்டு. அச்சுப்பொறி தொழிற்கருவி, அதற்கு ஸகாத் இல்லை.

இப்போது காப்பு. சகோதரியே, இப்போதைக்கு அதை விற்காதீர்கள், வட்டிக்கு அடகும் வைக்காதீர்கள், வட்டித் தவணைக்குப் பொறியும் எடுக்காதீர்கள். முதலில் மகன் எடுத்த நல்ல படங்களில் ஐந்தைத் தெரிவுசெய்து, நகரத்தில் பெரிய பொறி வைத்திருப்பவரிடம் நிறமி மையில் கூலிக்கு அச்சிட்டுக்கொள்ளுங்கள். வார்னிஷ் பூசுவதும் சட்டத்தில் அடிப்பதும் வீட்டில் நடக்கட்டும். இத்தொழிலின் கைவேலை பெரும்பாலும் அதுதான். அவ்விதம் முப்பது படங்கள் கைமாறும்வரை வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முப்பதும் விற்று, கையில் மிச்சமும் தெரிந்தால், அந்த மிச்சத்தோடு சேர்த்துப் பொறி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். முப்பது விற்கவில்லையென்றால் உங்கள் கையில் காப்பு இருக்கும், மகனின் கையில் ஒரு தொழில் இருக்கும். மூலை மடிக்கவும் சட்டம் பார்க்கவும் பழகியவனுக்கு வேறு ஸ்டூடியோவிலும் வேலை கிடைக்கும்.

வீட்டிலிருந்து உழைக்க முன்வரும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் கைத்திறனையும் நாணயத்தையும் சேர்த்தே தருவானாக. அவர்களுடைய சொற்ப இலாபத்தில் பெரும் பரக்கத்தை வைப்பானாக. ஆமீன்.